தகரச் சத்தம் கேட்டு வந்த முதலை

யாழ்ப்பாணத்து அரியாலையில் எங்கள் வீட்டுக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது: முதலையர் வீடு. முகத்துக்கு நேரே யாரும் சொல்ல மாட்டார்கள். சந்தையில் யாருக்காவது எங்களை அடையாளம் காட்ட வேண்டி வந்தால் குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். நான் கலியாணம் முடித்துப் போன இடத்தில்கூட, புதுப்பெண்ணைப் பார்க்க வந்த ஒரு வயதான மனுசி, "ஓ, முதலையற்றை மகளோ?" என்று கேட்டுவிட்டு உடனே கதையை மாற்றினார். எனக்கு முகம் சுட்டது. என் பிள்ளைகள் அந்தப் பெயரைப் பற்றிக் கேட்டால், வீட்டுக்குப் பக்கத்துக் குளத்தில் முதலை இருந்தது என்று மட்டும் சொல்வேன். அது பொய் இல்லை. ஆனால் அந்தக் குளத்தில் முதலை எப்போதும் வந்து போய்க்கொண்டுதான் இருந்தது. அதற்காக யாருக்கும் பட்டப்பெயர் வைக்கவில்லை.

அப்பா மலாயாவில் ரெயில்வேயில் வேலை பார்த்து, ஒரு சிறிய ஸ்டேஷனுக்கு மாஸ்டராக இருந்து, முப்பதுகளின் தொடக்கத்தில் பென்சனோடு ஊருக்குத் திரும்பியவர். நான் அங்கேயே பிறந்து வளர்ந்தவள். ஊருக்கு வந்தபோது எனக்குப் பதினெட்டு வயது. அரியாலையில் நாங்கள் குடியேறிய வீடும் வளவும் அம்மாவின் சீதனம். கொடியைக் காட்டினால் வண்டி புறப்படும், மணியை அடித்தால் சனம் எழும்பும் என்று வாழ்ந்து பழகிய மனிதர் அப்பா. ஊரில் அவர் சொல்லைக் கேட்க அம்மாவும் நானும் வண்டில்காரனும், சின்னத் திருக்கல் வண்டில் மாடும்தான் இருந்தோம். காலையில் சவரம் செய்து, வெள்ளைக் கோட்டை மாட்டி, விறாந்தைக் கதிரையில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். பேப்பர் முடிந்தால் செய்ய ஒன்றும் இருக்காது. ஒழுங்கையால் போகிறவர்களைப் பார்த்தபடி இருப்பார்.

ஒழுங்கையைத் தாண்டினால் குளம். குளத்துக்கு அந்தக் கரையில் பனங்கூடல். அதுவும் அம்மாவின் சீதனக் காணி. அதற்குள் பனையில் கள்ளுச் சீவும் தொழில் செய்த ஏழெட்டுக் குடும்பங்கள் குடிசை போட்டு இருந்தன. பனங்கூடலுக்கு அப்பால் ஆழமில்லாத பரவைக்கடல். அதனால் அந்தப் பக்கத்து நிலம் உவர். எங்கள் வளவுக் கிணறு மட்டும் நல்ல தண்ணீர்.

அந்தக் கிணற்றில் அந்தக் குடும்பங்கள் அள்ளக்கூடாது. ஊருக்கு வந்த முதல் வாரத்திலேயே இதை அம்மா எனக்குச் சொல்லிவிட்டார். மலாயாவில் ரெயில்வே குவாட்டர்ஸ் முன்னால் ஒரு குழாய் இருந்தது. மலாய்க்காரி, சீனத்தி, தெலுங்குப் பெண், அம்மா எல்லாரும் அதில்தான் வாளி வைத்து வரிசையில் நிற்பார்கள். இங்கே அந்தப் பெண்கள் குடத்தோடு வேலிக்கு வெளியே வந்து நிற்க வேண்டும். அம்மாவுக்கு நேரமிருக்கும்போது நாங்கள் துலாவால் அள்ளிக் கொண்டுபோய், குடம் வாளியில் படாமல் உயரத்திலிருந்து ஊற்ற வேண்டும். குடிக்க மட்டும் ஒரு குடம். குளிக்க, தோய்க்க, சட்டி பானை கழுவ எல்லாவற்றுக்கும் அவர்களுக்குக் குளம்தான்.

தண்ணீருக்கு வருகிறவர்களில் என் வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். கலியாணமாகி அந்தப் பனங்கூடலுக்கு வந்தவள். இடுப்பில் ஒரு கைக்குழந்தை. அவள் என்னை "நாச்சியார்" என்றுதான் கூப்பிடுவாள். எனக்குக் கூச்சமாக இருக்கும். என் பேச்சு மலாயாப் பேச்சாக இருந்தது அவளுக்குச் சிரிப்பு. "நாச்சியார் கதைக்கிறது பேப்பர் வாசிக்கிற மாதிரி" என்பாள். அம்மா அந்தப் பக்கம் வந்தால் இருவரும் வாயை மூடிக்கொள்வோம்.

முதலை அந்த வருட மாரியில் வந்தது. மழை பெய்து வயலும் ஒழுங்கையும் குளமும் ஒரே வெள்ளமாக நிற்கும்போது எங்கிருந்தாவது ஊர்ந்து வந்து குளத்தில் இறங்கும். கோடையில் குளம் வற்றினால் போய்விடும். பனங்கூடல் சனத்துக்கு அதோடு எப்படி இருப்பது என்று நன்றாகத் தெரிந்திருந்தது. நான் வேலிப் பொட்டின் சிறு இடைவெளிக்குள்ளால் பார்த்துத்தான் அறிந்தேன். பெண்கள் தனியே வர மாட்டார்கள். வந்தவுடன் தண்ணீரில் கால் வைக்காமல் கரையில் நின்று பனைமட்டையால் தண்ணீரை அடிப்பார்கள். மீனைக் குளத்தில் கழுவ மாட்டார்கள். தண்ணீரை வீட்டுக்கு மொண்டு போய்க் கழுவி, செதிலையும் குடலையும் புதைத்துவிடுவார்கள். நாயைக் கூட்டி வர மாட்டார்கள். பொழுது சாய்ந்தால் ஒருவரும் குளத்துப் பக்கம் இல்லை. முதலையும் மட்டைச் சத்தம் கேட்டால் குளத்து மூலையில் நின்ற தாழம்பற்றைக்குப் போய்விடும். அதற்கு அவர்கள் பயம், அவர்களுக்கு அது பயம். அப்படியே காலம் போய்க்கொண்டிருந்தது.

ஒரு நாள் காலை, பக்கத்து மீன்பிடி ஊரான கொழும்புத்துறையிலிருந்து மீன் கொண்டுவரும் பெண்ணிடம் வாங்கிய மீனை அம்மா வெட்டி முடித்தபோது, தலையையும் குடலையும் ஒரு சிரட்டையில் போட்டுக்கொண்டு அப்பா குளத்துக்குப் போனார். நான் பின்னால் போனேன். அவர் எங்கள் கரையில் நின்று அவற்றைத் தண்ணீரில் எறிந்தார். கொஞ்ச நேரத்தில் தாழம்பற்றைப் பக்கம் இரண்டு கண்கள் தெரிந்தன. அடுத்த நாள் இன்னும் கிட்ட வந்தன. பிறகு அவர் ஒரு மண்ணெண்ணெய்த் தகரத்தைக் கரையோர வேலியின் கதியால் கம்பில் தொங்கவிட்டு, தீன் எறிய முன்னர் அதைத் தடியால் தட்டத் தொடங்கினார். தைப்பொங்கல் வருவதற்குள் தகரச் சத்தம் கேட்டால் முதலை நேரே எங்கள் கரைக்கு நீந்தி வரப் பழகிவிட்டது. வந்து தலையைச் சேற்றில் வைத்து வாயைத் திறந்தபடி கிடக்கும். ஊரில் ஆடு அடித்துப் பங்கு போடுகிற நாட்களில் அதற்கு ஆட்டுக்குடலும் கிடைக்கும்.

"மலாயாவிலை இதைவிடப் பெரிசெல்லாம் கண்டனான். மிருகத்துக்கும் ஒரு ஒழுங்கு பழக்கலாம்" என்று அப்பா சொல்வார். ஊர்ப் பெரியவர்கள் பின்னேரங்களில் வேடிக்கை பார்க்க வந்தார்கள். அவர் தகரத்தைத் தட்டும்போது அவர் முகத்தில் ஸ்டேஷனில் மணி அடிக்கிற காலத்துக் களை வந்துவிடும். உண்மையைச் சொன்னால், அப்போது எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

மாசியில் ஒரு காலை, என்னை நாச்சியார் என்று கூப்பிடும் அவள் தண்ணீருக்கு வந்தபோது குடத்தைக் கீழே வைக்காமல் நின்றாள். அப்பா இரண்டு ஊர்ப் பெரியவர்களோடு விறாந்தையில் இருந்தார். அவள் வேலிக்கு வெளியே நின்று, நிலத்தைப் பார்த்தபடி சொன்னாள்.

"நயினார், ஒண்டு சொல்லவேணும். முந்தி மட்டையாலை அடிச்சா அது அங்காலை போகும். இப்ப அடிச்சா எங்களிட்டை வருகுது. பிள்ளையளோடை இறங்கப் பயமாக் கிடக்கு."

அப்பா பேப்பரை மடித்தார். "வந்தால் என்ன? வயிறு நிறைஞ்ச முதலை கடிக்காது. நான்தானே தீன் போடுறன்."

"அது உங்களுக்குத் தெரியும் நயினார். அதுக்குத் தெரியுமோ?"

அவள் பகிடியாகச் சொல்லவில்லை. ஆனால் அப்பாவோடு இருந்த இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள், அப்பாவும் சிரித்தார். அம்மாவுக்குத்தான் கோபம் வந்தது. "எடியே, ஆரோடை கதைக்கிறாய் எண்டு பாத்துக் கதை" என்றார். அன்று அவள் குடத்தில் தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்று எனக்குச் சொல்லிவிட்டு உள்ளே போனார். அவள் வெறும் குடத்தோடு திரும்பிப் போனாள்.

பங்குனியில் பக்கத்தில் உள்ள திருநெல்வேலிக் கிராமத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் தாய், தகப்பன், ஒரு தமக்கை. பலகாரமும் கோப்பியும் முடிந்ததும் அப்பா, "வாருங்கோ, ஒரு புதினம் காட்டுறன்" என்று எல்லாரையும் குளத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அம்மா கண்ணால் தடுத்தும் அவர் கவனிக்கவில்லை. தகரத்தைத் தட்டினார். அன்று கொடுக்க அவரிடம் ஒன்றும் இருக்கவில்லை. வெள்ளிக்கிழமை, வீட்டில் மீன் இல்லை. முதலை வந்தது. வாயைத் திறந்து கிடந்தது. ஒன்றும் விழவில்லை என்றதும் எழும்பி, வயிற்றை நிலத்திலிருந்து உயர்த்தி, நாலு காலால் கரையில் ஏறி நடந்து வந்தது. அது அப்படி நடக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. மாப்பிள்ளையின் தாய் ஓடுகிற அவசரத்தில் வேலி முள்ளில் காஞ்சிபுரப் பட்டைக் கிழித்துக்கொண்டு, ஒழுங்கைப் புழுதியில் குப்புற விழுந்தார். அப்பா கோட்டைக் கழற்றி முதலையின் முகத்துக்கு நேரே வீசி அதைத் திருப்பினார். அந்தக் கோட்டோடு அது குளத்துக்குள் போனது.

சம்பந்தம் அதோடு நின்றது. "பிறகு யோசிப்பம் எண்டினம்" என்று தரகர் வந்து சொன்னார். முதலையர் வீடு என்ற பெயர் அந்த நாட்களில்தான் பிறந்திருக்க வேண்டும். நான் பல நாள் வாசல் படலையைத் தாண்டவில்லை. வெட்கம் என்றால் இதுதான் என்று நினைத்திருந்தேன்.

அதற்குப் பிறகும் அப்பா தீன் போடுவதை நிறுத்தவில்லை. அம்மா கேட்டபோது, "திடீரெண்டு நிப்பாட்டினால் அதுக்குப் பசி வரும், அது ஆபத்து" என்றார். அதில் நியாயம் இருந்தது. ஆனால் தொடங்காமல் இருந்திருக்க வேண்டிய ஒன்றை நிறுத்தாமல் இருப்பதற்கு அது நியாயமா என்று நான் கேட்கவில்லை. அவரோடு அப்படிக் கதைத்துப் பழக்கமில்லை.

வைகாசியில் குளம் பாதியாக வற்றியிருந்தது. ஒரு காலை நான் கிணற்றடியில் நின்றேன். குளத்துப் பக்கம் தகரம் தட்டுகிற சத்தம் கேட்டது. அப்பாதான் என்று நினைத்துத் திரும்பினால், அவர் விறாந்தைக் கதிரையில் இருந்தார். அவரும் பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார்.

"ஆர் தட்டுறது?" என்றார்.

அவர் கேட்டு முடிக்க முன்னர் அலறல் கேட்டது.

நடந்தது இதுதான். வெறும் குடத்தோடு திரும்பிப் போன அவளும் அவள் மாமியாரும் இன்னும் இரண்டு பெண்களும் குளத்துக்கு வந்திருக்கிறார்கள். வழமைபோல மட்டையால் தண்ணீரை அடித்துப் பார்த்திருக்கிறார்கள். அவள் தண்ணீர் அள்ளுகிற மண்ணெண்ணெய்த் தகரத்தில் சேறு பிடித்திருந்தது. அதைக் கல்லில் தட்டிக் கழுவியிருக்கிறாள். முதலை சத்தம் இல்லாமல் வந்து அவள் கெண்டைக்காலைப் பிடித்துவிட்டது.

நாங்கள் ஓடிப் போனபோது அவள் மாமியார் அவளை இரண்டு கக்கத்துக்குள்ளும் பிடித்துப் பின்னால் சாய்ந்து இழுத்துக்கொண்டிருந்தார். மற்றப் பெண்கள் முதலையின் தலையில் மட்டையால் அடித்தார்கள். அவள் புருசன் பனையில் நின்றவன். அவன் இறங்கியதா விழுந்ததா என்று தெரியவில்லை. நெஞ்செல்லாம் உரஞ்சி இரத்தம் வழிய, பாளை சீவும் கத்தியோடு ஓடி வந்து தண்ணீருக்குள் பாய்ந்தான். அப்பாவும் ஓடினார். ஆனால் அவர்களிடம் இல்லை. எங்கள் கரைக்கு ஓடி, கதியாலில் தொங்கிய தகரத்தைத் தடியால் மளமளவென்று தட்டினார்.

முதலை பிடியை விட்டது. கத்தி பட்டதால் விட்டதா, தகரச் சத்தத்துக்காக விட்டதா, எனக்குத் தெரியாது. விட்டுவிட்டு நேரே எங்கள் கரைக்கு நீந்தி வந்தது. அந்தக் கரையில் எல்லாரும் நின்று பார்த்துக்கொண்டிருக்க, அப்பாவின் காலடியில் தலையை வைத்து வாயைத் திறந்துகொண்டு கிடந்தது.

அந்தக் கரையில் அவள் முனகிக்கொண்டு கிடந்தாள். எல்லாரும் முதலையைப் பார்த்தார்கள். பிறகு அப்பாவைப் பார்த்தார்கள். அவர் கையில் தடி இருந்தது. யாராவது ஏசியிருந்தால், கல்லெறிந்திருந்தால் நல்லது என்று எனக்குப் பட்டது. நான் அப்பாவுக்குப் பின்னால் நின்றேன். நிலம் பிளந்து உள்ளே போனால் போதும் என்று இருந்தது.

அவர்கள் அவளைத் தூக்கிக்கொண்டு ஒழுங்கைக்கு வந்தார்கள். சீலையைக் கிழித்துக் காலைச் சுற்றியிருந்தார்கள், அது நனைந்து சிவந்திருந்தது. அப்பா வண்டில்காரனைக் கூப்பிட்டு, "மாட்டைக் கட்டு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேணும்" என்றார். அம்மா படலைக்குள் நின்றார்.

"எங்கடை வண்டிலிலையோ?" என்றார் அம்மா. மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் ஒழுங்கை ஒடுக்கம், எல்லாருக்கும் கேட்டது.

அப்பா ஒரு கணம் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். ஒரு கணம்தான். பிறகு, "கட்டெண்டு சொல்லுறன்" என்று கத்தினார். ஆனால் அந்த ஒரு கணத்தை அவள் புருசன் பார்த்துவிட்டான்.

"வேண்டாம் நயினார்" என்றான். "நாங்கள் கொண்டுபோறம்."

அதற்கு முன் அந்தக் குடும்பங்களில் யாரும் அப்பாவிடம் வேண்டாம் என்று சொல்லிக் கேட்டதில்லை. அவளைத் தோளில் போட்டுக்கொண்டு பெருந்தெருவுக்கு நடந்தான். கொழும்புத்துறையிலிருந்து பட்டணத்துக்கு மீன் ஏற்றிக்கொண்டு போன ஒரு வண்டிலை மறித்தார்கள். வண்டில்காரர் தேவாலயத்துக்குப் போகிற வேதக்காரர், மீன் கூடைகளைத் தெருவில் இறக்கி வைத்துவிட்டு, அவளைச் சாக்கில் கிடத்திக்கொண்டு போனார் என்று பிறகு கேள்விப்பட்டேன். எங்கள் வண்டில் மாடு பூட்டியபடி படலைக்கு முன்னால் நின்றது. அப்பா அவிழ்க்கச் சொல்ல மறந்துபோய்ப் பக்கத்தில் நின்றார்.

அடுத்த நாள் ஊர்த் தலைமைக்காரரான விதானையார் துவக்குக்காரர் ஒருவரைக் கூட்டி வந்தார். முதலையைக் காணவில்லை. பொழுது படும்வரை கரையில் இருந்துவிட்டுப் போனார்கள். மறுநாளும் வந்தார்கள், அன்றும் அது வெளிப்படவில்லை. விதானையார் தொண்டையைச் செருமிக்கொண்டு வந்து விறாந்தையில் நின்றார்.

"ஐயா குறை நினைக்கப்படாது. நீங்கள் ஒருக்கால் தட்டினால்தான் அது வரும் போலை கிடக்கு."

அப்பா எழும்பிப் போனார். அந்தக் கரையில் பனங்கூடல் சனம் எல்லாம் நின்றது. அவர் தகரத்தைத் தட்டினார். முதலை தாழம்பற்றைக்குள்ளிருந்து புறப்பட்டு வந்தது. அவசரமில்லாமல், பழகின வழியால், அவருக்கு நேரே வந்தது. துவக்குக்காரர் பக்கத்தில் நின்று சுட்டார். இரண்டாம் வெடிக்குப் பிறகு அது அசையவில்லை. அப்பா அந்த இடத்திலேயே குந்திவிட்டார். அம்மா செம்பில் தண்ணீர் கொண்டு ஓடினார்.

வீட்டுக்கு வந்த பிறகு அவர் ஒரே ஒரு வசனம் சொன்னார்: "நான் கூப்பிட்டபடியாலைதான் வந்தது." அவர் எதைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. முதலைக்காக அவர் கண் கலங்கியதை நான் கண்டேன். ஆஸ்பத்திரிக்கு அவர் போகவில்லை. அம்மா ஒரு ஓலைப்பெட்டியில் அரிசியும் பனங்கிழங்கு ஒடியல் மாவும் குடிசைக்குக் கொடுத்து அனுப்பினார். பெட்டி திரும்பி வரவில்லை, நன்றி என்ற சொல்லும் வரவில்லை. "உவையளுக்கு எவ்வளவு செய்தாலும்" என்று அம்மா தொடங்கினார். நான் குசினியை விட்டு எழும்பிப் போனேன்.

அவள் பிழைத்தாள். காலை வெட்டி எடுக்கவில்லை. ஆனால் கெண்டைச் சதை போய்விட்டது, பாதம் மடங்காது. ஆடியில் ஒரு தடியோடு அவள் குளத்தடிக்கு வந்ததை வேலிக்குள்ளால் கண்டேன். தண்ணீருக்கு எங்கள் வேலிக்கு அவள் பிறகு வரவில்லை. மாமியார்தான் வந்தார்.

ஒரு நாள் அப்பாவிடம் கேட்டேன். "எங்கடை கிணத்திலை அவையள் வந்து அள்ளினா என்ன அப்பா? மாரி வந்தா இன்னொரு முதலை வரும்."

"மலாயா வேறை, இஞ்சை வேறை பிள்ளை" என்றார். "எங்களை ஊர் தள்ளி வைச்சா உனக்கு ஆர் மாப்பிள்ளை தாறது?"

ஆக, என் கலியாணமும் அதற்குள் வந்துவிட்டது.

எங்கள் கிணற்றைத் திறந்துவிடுவதற்குப் பதிலாக அவர் பனங்கூடலுக்குள் அவர்களுக்கென்று ஒரு கிணறு வெட்டுவித்தார். ஆள் பிடித்து, கல் பறித்து, கட்டுக் கட்டி, மாரிக்கு முன்னரே முடித்தார். அந்த வேலையில் அவர் பழைய உற்சாகத்தோடு நின்றார். உறவுச் சனம் வந்து பார்த்துப் புகழ்ந்தது. தன் காணியில், தன் காசில், உந்தச் சனத்துக்குக் கிணறு வெட்டிக் கொடுக்க வேறு யாருக்கு மனசு வரும் என்றார்கள். கோயில் வீதியிலும் அதே பேச்சு. ஏன் வெட்டினார் என்று ஒருவரும் கேட்கவில்லை, எல்லாருக்கும் தெரிந்திருந்தும். அப்பா அந்தப் புகழைத் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார். அவர் பக்கத்தில் நின்று நானும் கேட்டேன். குளத்தடியில் அன்று நின்றதைவிட அது எனக்குக் கடினமாக இருந்தது.

எனக்குப் பிந்தித்தான் கலியாணம் நடந்தது. கொழும்பில் வேலை பார்க்கும் ஒருவரோடு நான் அங்கே போனேன். ஊருக்கு வருவது வருடத்துக்கு ஒரு முறை, அதுவும் திருவிழாவுக்கு. பனங்கூடல் பக்கம் நான் போகவில்லை. கிணறு இருக்கிறது, இனிக் குளத்தில் இறங்கத் தேவையில்லை என்று என்னையே நான் ஆற்றிக்கொண்டேன்.

இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில், அரிசிக்குக் கூப்பன் இருந்த நாட்களில், அப்பா இறந்தார். செத்தவீட்டுக்குப் பனங்கூடல் சனமும் வந்தது. வளவுக்குள் வராமல் ஒழுங்கையில் நின்றார்கள். அவளும் நின்றாள், தடியை ஊன்றிக்கொண்டு. சடலம் போன பிறகு நான் படலையைத் திறந்துகொண்டு வெளியே போனேன். அவள் தலைமயிர் முன்பக்கம் நரைத்திருந்தது. எங்கள் இருவருக்கும் ஒரே வயது.

"என்னைத் தெரியுதோ?" என்றேன்.

"தெரியாமல் என்ன நாச்சியார். இப்ப எங்களைப்போலை கதைக்கிறியள்" என்றாள்.

என்ன கேட்பது என்று தெரியாமல், "கிணத்துத் தண்ணி எப்பிடி?" என்று கேட்டேன்.

அவள் என்னை வியப்போடு பார்த்தாள். "அது வெட்டி ரண்டாம் வருசமே உவராப் போச்சு. சீலை தோய்க்கவும் உதவாது. நாங்கள் குளத்துக்குத்தான் போறம்."

"அப்பாவுக்குத் தெரியுமோ?"

"தெரியும். சொன்னனாங்கள். மாரிக்குப் பிறகு சரிவரும் எண்டவர்."

ஒழுங்கையில் சனம் போய்க்கொண்டிருந்தது. நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன், அவள் சட்டென்று பின்வாங்கினாள். யாராவது பார்த்தால் ஏச்சு அவளுக்குத்தான் விழும் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

"எங்கடை கிணத்திலை வந்து அள்ளுங்கோ. அம்மாவோடை நான் கதைக்கிறன்" என்றேன்.

"நீங்கள் அந்தியேட்டிச் சடங்கு முடியக் கொழும்புக்குப் போயிடுவியள். நாங்கள் இஞ்சைதான் இருக்கவேணும்." அவள் கோபமாகச் சொல்லவில்லை. என்னைத் தேற்றுவது போலத்தான் சொன்னாள். "அப்பிடி ஏதும் செய்யவேணும் எண்டா, ரண்டு பனை தாருங்கோ. குளத்துக்கை அடைப்புப் போட்டிருக்கிறம். பழைய மரம் உக்கிப் போச்சு. மாரிக்கு முன்னம் மாத்தவேணும்."

அவள் என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். அந்தக் கரையில் தண்ணீருக்குள் பனங்குற்றிகளை நெருக்கமாக இறக்கி, அரைவட்டமாக ஒரு வேலி போட்டிருந்தார்கள். குற்றிகளுக்கிடையில் கை போகும், முதலையின் தலை போகாது. உள்ளே ஐந்தாறு பேர் நின்று குளிக்கலாம். சில குற்றிகள் தண்ணீர் மட்டத்தில் கறுத்து அரித்திருந்தன. அந்த இடங்களில் முள்ளைக் கட்டி அடைத்திருந்தார்கள். எங்கள் வீட்டு விறாந்தையிலிருந்து பார்த்தால் தாழம்பற்றை மறைக்கும். அது அங்கே இத்தனை வருடம் இருந்ததே எனக்குத் தெரியாது.

"போன மாரியும் ஒண்டு வந்தது" என்றாள். "குளம் வத்தேல்லை, இப்பவும் அந்தத் தாழைக்குள்ளைதான் கிடக்கு. ஒருத்தரும் ஒண்டும் போடுறேல்லை. அது தன்ரை பாட்டிலை கிடக்கும்."

செத்த எட்டாம் நாள், எட்டுச் செலவன்று சாப்பாடு முடிந்து உறவினர் விறாந்தையில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். என் தாய்மாமன் அப்பாவைப் பற்றிக் கதைத்தார். மலாயா, பென்சன், பிறகு அந்தக் கிணறு. "ஒரு சந்ததிக்குத் தண்ணி குடுத்த மனிசன்" என்றார். எல்லாரும் ஓம் ஓம் என்றார்கள்.

"அந்தக் கிணறு உவர் மாமா" என்றேன்.

"அதுக்கென்ன பிள்ளை, மனசுதானே பெரிசு" என்றார் மாமா. கதை வேறு பக்கம் போய்விட்டது.

அடுத்த நாள் காலை அவள் புருசன் கோடரியோடும் இன்னும் இரண்டு பேரோடும் வந்தான். காணி அம்மாவினுடையது. அம்மா வெள்ளைச் சீலையோடு அறைக்குள் இருந்தார். நான் போய்ச் சொன்னபோது, "என்னவெண்டாலும் செய்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் பனங்கூடலுக்குப் போனேன். அவன் ஓரத்தில் நின்ற இரண்டு மெலிந்த பனைகளைக் காட்டினான்.

"இது ரண்டும் காணும் நாச்சியார், போதும்."

"இது தண்ணிக்கை எத்தினை வருசம் நிக்கும்?"

அவன் கோடரியை நிலத்தில் ஊன்றினான். வைரம் பாய்ந்த நாலு மரங்களை நானே காட்டினேன். அவன் இன்னும் ஒரு முறை என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கோடரியை எடுத்தான்.

முதல் மரம் விழுந்த சத்தத்துக்கு மாமா ஒழுங்கையால் ஓடி வந்தார். "என்ன பிள்ளை இது? கொப்பற்றை சாம்பல் ஆற முன்னம் காய்க்கிற பனையளைத் தறிக்கிறாய்?"

கோடரிக்காரர்கள் கையை நிறுத்தினார்கள். அவளும் மாமியாரும் குடிசை வாசலில் நின்றார்கள். நான் சொன்னேன். "அப்பா தீன் போட்டுப் பழக்கின முதலைதான் இவளைக் கடிச்சது, மாமா. எங்கள் எல்லாருக்கும் தெரியும்."

அதை யாரும் வாய்விட்டுச் சொன்னது அன்றுதான். மாமாவின் முகம் கறுத்தது. "செத்த மனிசனைப் பற்றிக் கதையாதை" என்றார். பிறகு அவளைப் பார்த்தார், அவள் காலைப் பார்த்தார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்த வழியே போனார். அந்த வருடம் அவர் வீட்டிலிருந்து எங்களுக்கு எந்த நன்மை தின்மைக்கும் அழைப்பு வரவில்லை.

சொல்லிவிட்டால் பாரம் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை. அப்பாவைப் பலர் முன்னால் காட்டிக் கொடுத்த மாதிரியும் இருந்தது, சொல்ல வேண்டியதைப் பத்து வருடம் பிந்திச் சொன்ன மாதிரியும் இருந்தது. அவள் உள்ளே போய் ஒரு பனையோலைப் பாயைக் கொண்டுவந்து நிழலில் விரித்து, "வெயில் ஏறுது, இருங்கோ" என்றாள். நான் இருந்தேன். அவள் தள்ளி நிலத்தில், மடங்காத காலை நீட்டிக்கொண்டு இருந்தாள். பாயில் வந்து இருக்கச் சொன்னேன். தலையை ஆட்டி மறுத்துவிட்டாள்.

நாலு மரமும் விழும்வரை நாங்கள் அப்படியே இருந்தோம். பிறகு அவள் புருசன் அடைப்புக்கான குற்றிகளை அளந்து வெட்டத் தொடங்கினான்.